சுவருக்குள் ஓடிய ஷாஃப்ட்

1. கத்துகிற வேலை

பனியன் கம்பெனியில் முதல் நாளே எனக்குக் கிடைத்த பொறுப்பு, கத்துவது. பிளாட்லாக் மிஷினில் தைக்கத் தெரியும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். நான் தைத்த முதல் பனியனைப் பெரிய முதலாளி கையில் வாங்கி, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உன்ர தொண்டை நல்லா இருக்குது. மோட்டார் பக்கத்துல உக்காந்துக்கோ" என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மிஷினுக்கு மிஷின் தனி மோட்டார். அன்றைக்கு அப்படி இல்லை. திருப்பூரிலிருந்து நெருப்பெரிச்சல் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரே ஷெட். உள்ளே நீளமாக ஒரே டேபிள். அதன்மேல் பன்னிரண்டு மிஷின். டேபிளுக்கு அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இரும்புத் தண்டு. அதை ஷாஃப்ட் என்போம். மேற்குக் கோடியில் ஒரே மோட்டார். மோட்டார் ஷாஃப்ட்டைச் சுற்றும். ஷாஃப்ட்டில் இருக்கிற புல்லிச் சக்கரத்திலிருந்து மிஷினுக்கு ஒரு தோல் பெல்ட். பவர் டேபிள் என்று பெயர்.

பெல்ட் அடிக்கடி கழன்றுகொள்ளும். மோட்டார் நின்றிருக்கிற நேரம் பார்த்து டேபிளுக்கு அடியில் புகுந்து மாட்ட வேண்டும். யாராவது அடியில் இருக்கும்போது மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டார்ட்டர் பக்கத்தில் இருப்பவன், "கையெடுத்துக்கங்கோ!" என்று கத்த வேண்டும். கிழக்குக் கோடியில் கடைசி மிஷின்காரர் குனிந்து டேபிளுக்கு அடியில் நீளமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுத்தாச்சுங்க" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் ஸ்டார்ட்டர் கைப்பிடியைத் தொடக் கூடாது. முதலாளியே வந்து போடச் சொன்னாலும் கூடாது.

கடைசி மிஷின், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக். அதில் இருந்தவர் காதர் பாய். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் கத்துவேன், அவர் பதில் சொல்வார். இரண்டு வருஷம் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இப்படி நடந்தது. கட்டிய மனைவியோடுகூட நான் இவ்வளவு ஒழுங்காகப் பேசினதில்லை.

2. டீ நேரத்துத் தனிநாடு

கத்துகிற திறமையை மோட்டாரோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. அப்போது எங்கள் கட்சி, தெற்கே தனிநாடு வேண்டும் என்று மூலைக்கு மூலை கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கூட்டம் விடமாட்டேன். ராத்திரி கேட்டதைக் காலையில் பத்து மணி டீக்கு அப்படியே பேக்கரி பெஞ்சில் இறக்கி வைப்பேன். கொஞ்சம் என் சொந்தச் சரக்கும் சேர்ப்பேன். அது சேர்ந்ததும் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் பேச்சில் மயங்கிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வாதம் இதுதான். பல மாநிலம் சேர்ந்து ஒரு நாடு ஆகியிருக்கிறது. சேர்ந்தவனுக்குப் பிரிகிற உரிமையும் இருக்க வேண்டும். பிரிய முடியாது என்றால் அதற்குச் சேர்ந்திருப்பது என்று பெயர் இல்லை, கட்டிப்போட்டிருப்பது என்று பெயர். அந்த உரிமை கையில் இருந்தால்தான் டெல்லிக்காரன் நம்மை மதிப்பான்.

காதர் பாய் டீயை ஊதிக்கொண்டே கேட்பார். ஒரு நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"செரி தம்பி. மெட்ராஸ் மாகாணம் பிரியுது. நாளைக்குக் கோயமுத்தூர் ஜில்லா மெட்ராஸ் வேண்டாங்குது. அதுக்கும் உரிமை உண்டா?"

"உண்டுங்க பாய்."

"திருப்பூருக்கு?"

"உண்டு."

"நம்ம டேபிள்ல கடைசி மிஷினுக்கு?"

பெஞ்சே சிரித்தது. நான் விடுவேனா, அதற்கும் உண்டு என்றேன். அப்படியானால் கடைசி மிஷினை எதை வைத்து ஓட்டுவது என்று கேட்டார். நாடு வேறு, டேபிள் வேறு, டேபிளுக்கு ஷாஃப்ட் இருக்கிறது என்றேன். நாட்டுக்கு இல்லையா என்று கேட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்கு எந்தக் கூட்டத்திலும் எனக்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. அதனால், நம் பனியனெல்லாம் கல்கத்தாவுக்குத்தானே போகிறது, தனிநாடு வந்தால் அதற்குப் பெயர் எக்ஸ்போர்ட், நாமெல்லாம் எக்ஸ்போர்ட் டெய்லர் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு அது ஜோக்.

3. இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்

கம்பெனிக்கு இரண்டு முதலாளிகள். அண்ணன், தம்பி. பெரியவர், சின்னவர் என்போம். பெரியவருக்கு வெள்ளைப் பனியன் தவிர வேறெதுவும் பனியன் இல்லை. சின்னவருக்குக் கலர் போட ஆசை. மஞ்சள், ஊதா என்று நாலைந்து துண்டு சாயம் போட்டுக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் விரித்தார். பெரியவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கலர் போட்டாச் சாயம் போயிரும். சாயத்தோட நம்ம பேரும் போயிரும்" என்றார். ஒரு வருஷமாக இதே சண்டை.

ஒரு நாள் சின்னவர் என் மிஷின் பக்கம் வந்து நின்றார். பிளாட்லாக்கில் வழக்கம்போல நூல் அறுந்திருந்தது. அதைத் திட்டத்தான் வருகிறார் என்று பயந்துபோய் எழுந்தேன்.

"ஏப்பா பழனி, பிரியறது உரிமைன்னு பேக்கரியில பேசறயே. அது கம்பெனிக்கும் உண்டா?"

என் வாழ்க்கையில் ஒரு முதலாளி என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான். தலைகால் புரியவில்லை. "தாராளமாங்க. பிரிய முடியாதுன்னா அது கட்டிப்போட்டதுங்க" என்றேன். கை வேறு ஆட்டியிருப்பேன் போலிருக்கிறது, நூல் கண்டு உருண்டு கீழே விழுந்தது.

நாலாவது நாள் பாகம் பிரிக்கிறார்கள் என்று சேதி வந்தது. நான் ஆடிப்போய்விட்டேன். பேக்கரியில் பேசினால் டீ ஆறும், அவ்வளவுதான் நடக்கும் என்பதுதான் என் அனுபவம். என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் எதையாவது செய்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

4. மேற்கு, கிழக்கு

நூல் கோன் வருகிற பெட்டியில் இரண்டு துண்டுச் சீட்டு போட்டார்கள். ஒன்றில் மேற்கு, ஒன்றில் கிழக்கு. பெரியவர் எடுத்தார், மேற்கு வந்தது. மேற்கே ஆறு மிஷின், கிழக்கே ஆறு மிஷின். ஆசாரி வந்து டேபிளை நடுவில் அறுத்தார். கொத்தனார் வந்து, அறுத்த இடத்தில் தரையிலிருந்து கூரைக்குச் செங்கல் சுவர் எழுப்பினார்.

நான் சின்னவர் பக்கம் போவதாக முடிவு செய்து, டிபன் போசியைக் கூடத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். தனிநாட்டின் முதல் குடிமகன் நான்தானே. பெரியவரிடம் போய், நான் கிழக்கே போகிறேன் என்று சொன்னேன்.

"உன்ர மிஷின் எங்கிருக்குது?"

"மேக்காலீங்க."

"அப்ப நீயும் மேக்கால."

அவ்வளவுதான். மிஷினோடு ஸ்டூல், ஸ்டூலோடு நான். காதர் பாய் கிழக்கே போனார், அவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பெரியவரிடம் இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர். பிரிய வேண்டும் என்று கத்தினவன் பிரியாத பக்கத்தில், வேண்டாம் என்றவர் பிரிந்த பக்கத்தில். பன்னிரண்டு பேரில் ஒருவரைக்கூட யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தொண்டை வறளக் கத்திய எனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை டேபிளுக்கு அடியில் இருந்தது. கரண்ட் கனெக்‌ஷன் ஒன்றுதான். இரண்டாவதுக்கு எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று ஆபீசில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் டேபிளை அறுத்தவர்கள் ஷாஃப்ட்டை அறுக்கவில்லை. சுவரின் அடியில் ஷாஃப்ட் நுழைகிற அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டுக் கட்டிவிட்டார்கள். மோட்டார் பெரியவரிடம். மோட்டாரைப் போடுவது நான். கிழக்கே இருந்த தனிநாடு என் கையால்தான் ஓட வேண்டும், என் கையால்தான் நிற்க வேண்டும். ஷாஃப்ட்டை என்ன செய்வது என்று அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசவே இல்லை. பேசினால் பழைய சண்டை கிளம்பும் என்று இருவருக்கும் பயம்.

5. இரண்டு தட்டு

சுவர் வந்த பிறகு என் குரல் அந்தப் பக்கம் போகவில்லை. பன்னிரண்டு மிஷினுக்குக் கத்திக்கொண்டிருந்தவன் ஆறு மிஷினுக்குக் கத்தினேன். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மோட்டார் போடும் முன்னால் நான் சுவரில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவேன். அந்தப் பக்கம் பாய் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு தட்டு தட்டுவார்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு சாப்பாட்டு நேரத்தில் தகராறு. பெரியவர் ஒரு மணிக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்வார். சின்னவர் பக்கம் அவசர ஆர்டர் இருக்கும், அதுவும் சேர்ந்து நிற்கும். சின்னவருக்குப் பொறுக்கவில்லை. நம்மைக் கேட்டா நிறுத்துகிறார்கள், இனிமேல் அவர்கள் தட்டினால் யாரும் திருப்பித் தட்ட வேண்டாம், நாம் தனிக் கம்பெனி என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஆனாலும் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் சின்னதாகிவிட்டது. காதர் பாய் முதலாளிக்குத் தெரியாமல் கத்தரிக்கோல் காம்பால் மெதுவாகத் தட்டினார். காதைச் சுவரில் வைத்தால்தான் கேட்கும். நான் வைத்துக் கேட்பேன். எங்கள் பக்கத்து ஆள்கள், பழனி செவுத்துக்கு முத்தம் குடுக்கறான் என்று கிண்டல் செய்வார்கள்.

6. பேப்பர் வந்த காலை

சீனாக்காரனோடு சண்டை வந்து முடிந்திருந்தது. ஊரே பழைய துணியும் பணமும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்த சமயம். எனக்கும் உள்ளே ஏதோ குழப்பம்தான். இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை பத்து மணி டீக்குப் போனேன். பாயைத் தவிர எல்லோரும் பெஞ்சில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் பேப்பரை என் பக்கம் நகர்த்தினார்கள். தனிநாட்டுக் கோரிக்கையை எங்கள் கட்சியே கைவிட்டுவிட்டது என்று போட்டிருந்தது.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை கண்ணில் எழுத்து நிற்கவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க பழனி, உங்களைக் கேட்டுக்கிட்டாங்களா?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். எனக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. கேட்கவில்லை. ஆரம்பிக்கும்போதும் கேட்கவில்லை, விடும்போதும் கேட்கவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஷெட்டுக்குள் வந்தேன். எங்கள் பக்கத்தில் மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. சத்தம் வந்தால் போதும், யாரும் என்னிடம் பேச மாட்டார்கள் என்று தோன்றியது. கைப்பிடியை இழுத்துவிட்டேன்.

கத்தவில்லை. தட்டவில்லை. காதை வைக்கவில்லை.

ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று பட்டென்று அறைந்தது. ஷாஃப்ட் ஒரு திணறு திணறிவிட்டு மறுபடி ஓடியது. பிறகு, கீழே ஷாஃப்ட் போகிற ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது. சத்தம் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னது.

"நிறுத்து தம்பி."

நிறுத்தினேன். என் கைதான் நிறுத்தியது, எனக்கு அதில் பங்கில்லை. அவர் எனக்கு இருபது அடி தூரத்தில் இருந்தார். சுவர் கூரை வரை இருந்தது. கேட்டைத் தாண்டி, பக்கத்துச் சந்து வழியே சுற்றி, அந்தப் பக்கத்துக் கேட் வழியாக ஓடினேன். வழி நெடுக என் வாய், "கையெடுத்துக்கங்கோ, கையெடுத்துக்கங்கோ" என்று கத்திக்கொண்டே இருந்ததாம். பிறகு ஆள்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாய் டேபிள் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழன்ற பெல்ட்டைப் புல்லியில் மாட்டக் கையை விட்டிருக்கிறார். இடது கை ஆட்காட்டி விரல். சின்னவர் மஞ்சள் பனியன் துணியை ரோலிலிருந்து கிழித்து அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தார்.

7. ஆஸ்பத்திரி

பெரியவரின் காரில் கொண்டுபோனோம். அண்ணனும் தம்பியும் அஞ்சு மாதம் கழித்து ஒரே வண்டியில் உட்கார்ந்தார்கள். பாதி விரல் போய்விட்டது. கட்டுப் போட்ட நர்ஸம்மா மஞ்சள் துணியை ஒரு பேசினில் தண்ணீருக்குள் போட்டு வைத்திருந்தார். பெரியவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, துணியை எடுத்து, பிழிந்து, உதறிப் பார்த்தார்.

"சாயம் போகலையேடா" என்றார் தம்பியிடம்.

சின்னவர் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அவர்கள் வெளியே போனதும் நான் கட்டில் பக்கம் போனேன். கேட்காமல் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நீ தட்டியிருந்தா நான் தட்டியிருப்பேன்."

"சின்னவரு தட்ட வேண்டாம்னு சொல்லியிருந்தாருங்களே."

"அவரு சொல்லுவாரு. விரல் என்ரதாச்சே."

பெஞ்சில் அடுக்கிய அத்தனை வாதமும் அந்த நேரம் கண் முன்னால் வந்தது. மாநிலத்துக்கு உரிமை, மாகாணத்துக்கு உரிமை, ஜில்லாவுக்கு உரிமை. விரலுக்குச் சொந்தக்காரனிடம் போய்க் கேட்கிற கட்டம் அந்த வாதத்தில் எங்குமே வரவில்லை.

அவர் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆறு வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் இரண்டு வாரம் அவர் வீட்டம்மா எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. அது நியாயம்.

8. இரண்டு செங்கல்

கட்டுப் பிரித்து, நாலு விரலை வைத்து ஓவர்லாக்கில் துணி தள்ளப் பழகிக்கொண்டு பாய் வேலைக்கு வந்தார். வந்த அன்றே முதலாளிகள் இருவரையும் சுவர் பக்கம் கூப்பிட்டார். மோட்டாருக்கு நேராக, ஆள் முகம் தெரிகிற உயரத்தில் இரண்டு செங்கல் எடுக்க வேண்டும் என்றார். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை.

"செவுத்துல ஓட்டை வெச்சுக்கறதுக்கா பாகம் பிரிச்சோம்?"

"ஷாஃப்ட்டுக்கு ஓட்டை வெச்சீங்களே சாமி. ஆளுக்கு வெக்க மாட்டீங்களா?"

அன்று மத்தியானமே கொத்தனார் வந்தார். சாப்பாட்டு நேரத்தையும் அந்த ஓட்டை வழியாகவே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கம்பெனி ஒன்றாகிவிடவில்லை. பெரியவர் வெள்ளை, சின்னவர் கலர், இரண்டும் நன்றாகவே ஓடின. பிரிந்தது தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். சின்னவர் பிரியாமல் இருந்திருந்தால் அந்த மஞ்சள் துணி ஷெட்டுக்கே வந்திருக்காது.

அப்புறம், பிரிவினை கேட்கிறவன் தேர்தலில் நிற்கவே முடியாதபடி சட்டம் வந்தது. பேக்கரியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதிர்ச்சியடைகிற அளவெல்லாம் எனக்கு ஏற்கனவே தீர்ந்துபோயிருந்தது, டீயைக் குடித்து முடித்தேன். இப்போது சொல்கிறேன், அதில் எனக்கு உடன்பாடில்லை. பேசாதே என்றால் யாரும் குனிந்து ஷாஃப்ட்டைப் பார்க்கமாட்டான். எங்கள் முதலாளிகள் பேசப் பயந்துதான் பாய் விரல் போனது.

பின்னாளில் நானே பெரியவர் பக்கம் மேஸ்திரி ஆனேன். கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து தனிநாடானபோது பையன்கள் வந்து, அண்ணா, மாநிலம் பிரிய உரிமை வேண்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்கள். வேண்டும் என்றேன். கை தட்டினார்கள். இருங்கடா, இன்னும் முடியவில்லை என்றேன். அந்த உரிமை கூட்டத்தில் கத்துகிறவனுக்கும் முதலாளிக்கும் மட்டும் உரியது இல்லை. போகிற பக்கத்தில் போக விரும்பாதவன் இருப்பான், இருக்கிற பக்கத்தில் இருக்க விரும்பாதவன் இருப்பான், ஒவ்வொருவனையும் கேட்க வேண்டும். அடியில் எது ஓடுகிறது, அதில் யார் கை இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவனுக்குப் பிரிக்கவும் உரிமை இல்லை, பிடித்துவைக்கவும் உரிமை இல்லை. பையன்களுக்கு இது ரொம்ப நீளமாகப் போய்விட்டது. பாதியில் எழுந்து போனார்கள்.

சின்னவருக்கு இரண்டாவது கனெக்‌ஷன் வந்தது சுவர் எழுப்பி ரெண்டு வருஷம் கழித்து. தனி மோட்டார் மாட்டி, சுவரடியில் ஷாஃப்ட்டை அறுத்தார்கள். அன்றுதான் உண்மையில் பிரிந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என் மோட்டாருக்கும் பாய் மிஷினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மறுநாள் காலை ஸ்டார்ட்டர் பக்கம் போய் நின்றேன். பழக்கம் விடவில்லை. இரண்டு செங்கல் ஓட்டை வழியாக, "கையெடுத்துக்கங்கோ!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. அவர் குனிகிறார் என்று தெரிந்தது. காத்திருந்தேன்.

"ஒம்பதரை விரலையும் எடுத்தாச்சுங்க."

மொத்த ஷெட்டும் சிரித்தது. அவர் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் தினமும் அதே பதில்தான். தினமும் சிரித்தார்கள். நான் மட்டும், கைப்பிடியைத் தொடும் முன்னால், ஒரு நிமிஷம் கையைக் கீழேயே தொங்கவிட்டு நிற்பேன்.